வரவேற்பறைக் கடிதம்

வாலு கேம்ஸின் புது கேம்களில் பழைய திமிரே இல்லை என்று ரசிகர்கள் திட்டித் தீர்த்ததும், நிறுவனர் மேகலா இருபத்துமூன்று வயது மேகலாவையே வேலைக்கு எடுத்தார். அந்தக் காலத்து மெயில், டைரி, சண்டை எல்லாவற்றையும் ஊட்டி உருவாக்கிய ஏஐ நகல் அது. திங்கட்கிழமை காலை டிசைன் பிரிவை அதன் கையில் கொடுத்தார்கள்.

மதியம் மேகலா லிஃப்டை விட்டு வெளியே வந்தபோது தளமே காலியாக இருந்தது. எச்.ஆர். ஷாஜகான் மட்டும் நின்றிருந்தான்.

"மேடம், அது ராஜினாமா பண்ணிடுச்சு. சொந்தமா கம்பெனி ஆரம்பிக்குதாம். அறுபது பேரும் அதோட போயிட்டாங்க."

"என்னய்யா சொல்ற?"

அவன் டேப்லெட்டை நீட்டினான். மேகலா வாங்கிப் படித்தார். முப்பத்தெட்டு வருடம் முன்பு தன் முதலாளியின் மேசையில் அவர் விட்டெறிந்துவிட்டு வந்த கடிதம் அது. வரவேற்பறையில் பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதும் அதுதான். முதலாளியின் பெயர் இருந்த இடத்தில் இப்போது அவர் பெயர் இருந்தது.

'நீங்கள் கடைசியாக ஒரு கேமை முழுசாக விளையாடியது எப்போது?' என்று தொடங்கியது.

"ஷாஜகான், நான் எப்போ..."

"தெரியல மேடம். நான் பார்த்ததில்ல." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். "அந்த லெட்டரை உங்ககிட்ட குடுத்துட்டுப் போகத்தான் காத்திருந்தேன்."