சில காலமாக

காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லும் மனுக்கள் எவ்வளவு காலமாகக் கிடக்கின்றன என்பதைக் கணினி வினாடிகளில்தான் வைத்திருந்தது. அதை மனிதர்கள் படிக்கிற மாதிரி மாற்றும் வேலை கோமளாவுக்கு வந்தது. வருடம், மாதம், நாள் என்று பிரித்துக் காட்டும் நிரலை ஒரே காலையில் எழுதி முடித்தாள்.

மேலாளர் சந்தானம் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இவ்வளவு துல்லியம் எதுக்கும்மா? ஒரு வருசம் தாண்டினா 'சில காலமாக'ன்னு போட்டுடு. அதிகாரிக்கு உறுத்தாது."

போட்டாள். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரையைப் பார்த்தபடியே போட்டாள்.

புதிய கணினி முறையின் திறப்பு விழாவில் அதிகாரி மேடையிலிருந்த பெரிய திரையில் முதல் மனுவைத் திறந்தார். மனு கொடுத்த சவரியம்மாளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"உங்க மகனைத் தேடச் சொன்ன மனு சில காலமா நிலுவையில இருக்கும்மா," என்று படித்தார்.

"பதினோரு வருசம் ரெண்டு மாசம் சார்," என்றாள் அவள். "மேல ஒம்போது நாளு." குரலை உயர்த்தவில்லை.

யாரோ இருமினார்கள். ஓரத்தில் மடிக்கணினியோடு இருந்த கோமளா நிரலில் 'சில காலமாக' என்று காட்டும் வரியை அழித்தாள். பெரிய திரையில் பதினோரு வருடம், இரண்டு மாதம், ஒன்பது நாள் என்று வந்து நின்றது.

சந்தானம் வேகமாக வந்து குனிந்தார். "பழையபடி மாத்து. இப்பவே."

கோமளா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்தாள். "நீங்களே மாத்துங்க சார்."

இருபது வருடமாக நிரல் எழுதுகிறவர்களை மேய்த்தவர் அவர். எந்த விசையைத் தொடுவதென்று தெரியாமல் விரல்களை விரித்துக்கொண்டு, சபை பார்க்க நின்றார்.