சென்னா இறந்த செய்தி வந்த காலை

"மழையில ரேஸ் கார் ஓட்ட சென்னாவ மிஞ்ச ஆளில்ல, புள்ள!" என்று போன வாரம்கூடச் சிரித்தான் நூருல் அமீன். "அவருக்கென்னங்க, நம்ம மலையாட்டம் எதுக்கால பஸ்ஸா வருது?" என்றாள் மனைவி பல்கீஸ்.

இப்போது அவர்கள் கடைப்பலகையில் விரித்த பேப்பரில், இத்தாலியின் இமோலா கார் பந்தயத்தில் சுவரில் மோதி நொறுங்கிய சென்னாவின் கார் கிடக்கிறது. வெளியே கோடை மழை. காபிச் செடிகள் மூடுபனிக்குள் மறைகின்றன. நூருல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டை எடுக்கிறான். சென்னாவுக்காக இன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக் தொடாமல் இறங்குவதாகக் கூட்டாளிகளிடம் சவால் விட்டிருக்கிறான். பைக் உறுமுகிறது. இரண்டு வருடமாக அவன் ரேஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் வாய் திறந்து தடுக்காமல், துவா ஓதி அவன் நெற்றியில் ஊதி அனுப்பிவைத்த பல்கீஸுக்கு இன்று ஓத வரவில்லை. மழையில் இறங்கி ஹேண்டில்பாரைப் பற்றுகிறாள்.

"ஏனுங்க, நொம்ப பயமா இருக்குதுங்க. இந்த ரேஸ விட்டுருங்க."