டீச்சரின் சோம்பு

கயல்விழி வாயைத் திறந்தாள். நாக்கு முழுக்க வெள்ளை மண்.

கூடத்தில் இருந்த நாற்பது பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள்.

விருத்தாசலத்தில் பத்து நாள் கோடை முகாம். காலையில் சுகாதாரப் பாடம், மதியம் பீங்கான் பொம்மைப் பயிற்சி. பொம்மைக்காக மூட்டையில் வந்த மண்ணைத்தான் அந்த ஏழாம் வகுப்புப் பெண் கிள்ளிக் கிள்ளித் தின்றிருக்கிறாள்.

முகாமை நடத்தும் அம்சவல்லி டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. சுத்தம் என்றால் அவர் நெருப்பு. நகம் வளர்ந்திருந்தால், வெட்டிக் காட்டிய பிறகுதான் டிபன்.

"எத்தினி நாளா திங்கற?"

"வந்ததுலேருந்து, டீச்சர்."

"சோப்பு போட்டுக் கை கழுவுங்கன்னு தெனம் தொண்டை வறள கத்தறேன். நீ மூட்டையவே காலி பண்ணிட்டு உக்காந்துருக்க."

பின்வரிசையில் ஒருவன், "பொம்மைக்கு மண்ணு பத்தலன்னப்பவே நெனச்சேன்" என்றான். சிரிப்பு பரவியது.

டீச்சர் அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்தார். பெண்ணாடத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் போட்டுவிட்டு பஸ் ஏறுவதாகச் சொன்னார். அவள் பையைக் கட்டும் வேலை, உதவிக்கு வந்திருந்த எனக்கு.

அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"என் யானைய நாளைக்குத்தான் சூளையில வெக்கிறாங்கக்கா. அது வரைக்கும் இருக்கக் கூடாதா?"

டீச்சரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, கைப்பையிலிருந்து எதையோ எடுத்து மென்றுகொண்டிருந்தார். ஒரு நாளைக்குப் பத்து முறை மெல்லுவார். கேட்டால் சோம்பு என்பார்.

அப்போதுதான் முகாமுக்கு வந்துபோகும் கனகா நர்ஸ் வந்தார். நடந்ததைக் கேட்டவர் திட்டவில்லை. கயல்விழியை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், கீழ் இமையை விலக்கிப் பார்த்தார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குது டீச்சர். அப்படி இருந்தா சில பேருக்கு மண்ணு, சாம்பல் திங்கணும்னு தோணும். கெட்ட பழக்கம்னு வெரட்டாதீங்க. நாளைக்கு டெஸ்ட் பண்ணிடலாம். இரும்பு மாத்திரை போட்டா சரியாயிடும்."

டீச்சர் விடவில்லை. "அதுக்குன்னு மனுசப் பொறப்பு மண்ணைத் திங்குமா? இதப் பாத்து மத்ததும் திங்கும். வூட்டுக்குப் போவட்டும்."

கனகா அவரையே பார்த்தார். பிறகு அவர் கையையும் திறந்திருந்த கைப்பையையும் பார்த்தார். இத்தனை நாளில் ஒருமுறைகூட மண்ணைத் தொடாத டீச்சரின் விரல் நுனியில் வெள்ளைத் தூள்.

நர்ஸ் இரண்டு இரும்பு மாத்திரை அட்டைகளை எடுத்தார். ஒன்றில் கயல்விழியின் பெயர் எழுதி என்னிடம் தந்தார். மற்றதை டீச்சரிடம் நீட்டினார்.

"இது யாருக்கு?"

கனகா குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அவங்கப்பாவ வர வேணாம்னு சொல்லிடுங்க டீச்சர். அப்புறம், கைப்பையில இருக்கற சிலேட்டுப் பலப்பத்த எடுத்துப் போட்டுட்டு, அந்த எடத்துல இத வையுங்க."