தெலாவிக்கு எத்தனை நாள்?

ஒன்பதாவது நாள் காலையிலும் மாடி அறைக் கதவு திறந்தது. படியிறங்கி வந்த ஒதாரின் தோளில் துண்டு இருந்தது; கையில் பெட்டி இல்லை.

விருந்தாளி இன்றும் கிளம்பவில்லை என்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த நானுலி, கையிலிருந்த கரண்டியை மேஜையில் போட்டாள். மகள் சோபோவை நிச்சயம் செய்ய மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் குதாயிசியிலிருந்து வருகிறார்கள். அவர்களைத் தங்கவைக்கும்படியாக வீட்டில் இருப்பது அந்த ஒரு மாடி அறைதான். மாப்பிள்ளையின் அம்மாவோ, தலையணை கல்லாக இருந்தது என்பதற்காகவே முன்பு ஒரு சம்பந்தத்தை முறித்துக்கொண்டு வந்தவள்.

ஒதார் போத்தித் துறைமுகத்தில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். தெலாவியைச் சுற்றிப் பார்க்க என்று தொலைபேசியில் அவர் அந்த அறையைக் கேட்டது இரண்டே நாளைக்கு. அரண்மனைக்கு ஒரு நாள், ஊரில் பேர்பெற்ற கிழட்டு மரத்துக்கும் சந்தைக்கும் சேர்த்து ஒரு நாள் என்று கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கெடுத்தது நானுலியின் கணவர் வாஜாவின் வாய். வந்தவரை முகம்கூடக் கழுவவிடாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்து, "பத்து நாளாவது தங்காதவன் தெலாவியைப் பாத்ததா சொல்லிக்கக்கூடாது தம்பி" என்றார்.

பிறகு அந்த ஊர் விருந்து வழக்கப்படி வாழ்த்துச் சொல்லும் மேஜைத் தலைவராகத் தன்னையே நியமித்துக்கொண்டு, ஒயின் கோப்பைக்கு ஒரு வாழ்த்தாகச் சொல்ல ஆரம்பித்தார். கடவுளுக்கு ஒன்று, சமாதானத்துக்கு ஒன்று, செத்துப்போனவர்களுக்கு ஒன்று. கடைசி வாழ்த்து மாதாவுக்கு என்றும், அதைக் கேட்காமல் எந்த விருந்தாளியும் இந்த வாசலைத் தாண்டியதில்லை என்றும் மார்தட்டினார். பக்கத்து வீட்டுக் கழுதைக்குப் பதினாலாவது வாழ்த்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, தட்டில் கன்னம் பதியக் குறட்டை விட்டார். அடுத்தடுத்த நாள் விருந்துகளிலும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் ஒதார் கிளம்பவில்லை. நான்காம் நாளும் இல்லை. எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவிடும்படி நானுலி கணவரிடம் மன்றாடினாள்.

"விருந்தாளிகிட்ட அதைக் கேக்கறதும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளறதும் ஒண்ணுதான்" என்றார் வாஜா. "எங்க தாத்தா வீட்ல மழைக்கு ஒதுங்கினவர் மூணு வருஷம் இருந்தார். தாத்தா வாயே திறக்கலை."

"உங்க பாட்டி என்ன செஞ்சாங்க?"

"அவங்கதான் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க."

நானுலி தன் வழியில் இறங்கினாள். தண்ணீர் வராது என்றாள். ஒதார் தெருக்குழாயிலிருந்து இரண்டு வாளி தூக்கிவந்து வைத்தார். தெலாவியை விடச் சிக்னாகிதான் அழகு, வேன் அடிக்கடி போகிறது என்றாள். "போகணும்னு ஆசையாத்தான் இருக்கு அக்கா" என்று அவர் பெருமூச்சு விட்டார், ஏதோ காலில் சங்கிலி போட்டிருப்பது போல.

ஒயின்தான் ஆளைக் கட்டிப்போடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஐந்தாம் நாளிலிருந்து, வாஜா மூன்றாவது வாழ்த்தைச் சொல்லி முடித்ததுமே ஜாடியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்; வாழ்த்தும் அதோடு நின்றுவிடும். அந்த ஜாடி சமையலறைக்குள் மறையும்வரை ஒதாரின் கண்கள் அதன் பின்னாலேயே போகும். பெற்ற பிள்ளையை ரயிலேற்றி அனுப்புகிறவர் முகம்போல் அவர் முகம் வாடும். குடிகாரன் என்று அவள் முடிவு கட்டினாள். அவர் கோப்பையில் தினமும் பாதி ஒயின் அப்படியே மிஞ்சியிருந்ததைக் கொட்டிக் கழுவியவளும் அவள்தான்.

ஒன்பதாம் நாள் அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மாடியைப் பெருக்கப் போனாள். பெட்டி கதவோரம் வார் இழுத்துக் கட்டி நின்றது. மேலே மடித்த கோட்டு, அதன்மேல் தொப்பி. கிளம்புகிற மாதிரி நடிப்பு வேறா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானமும் மூன்றாவது வாழ்த்தோடு ஜாடி போயிற்று. ஆனால் நானுலி சமையலறையிலேயே நின்றுவிடாமல் திரும்பி வந்து, ஒதாருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே வாஜாவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பதுபோல் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க ஒதார். எங்க ஊர்ல இன்னும் எத்தனை நாள் இருக்கறதா முடிவு பண்ணியிருக்கீங்க?"

வாஜா கண்ணை மூடிக்கொண்டார். அவர் தாத்தாவும், அவருக்கு முந்திய ஏழு தலைமுறையும் அந்த மேஜையைச் சுற்றி நின்று தலையில் அடித்துக்கொள்வதுபோல் இருந்தது அவர் முகம்.

ஒதாருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. கோபப்படுவார், எழுந்து போவார் என்று நானுலி காத்திருந்தாள். அவரோ சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு வாஜாவைப் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தந்தி வந்துவிட்டதாகவும், பெட்டியைக் கட்டி ஏழு நாளாகிறது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்புறம் ஏன் கிளம்பலை?" என்றாள் நானுலி.

"அண்ணன் இன்னும் கடைசி வாழ்த்தைச் சொல்லலையே அக்கா."