ஒண்ணுகூட தப்பாது

“ஹீட்டர் வெச்சா உள்ள சூடு நிக்கிற கூடாரம் இருக்குதுங்களா? ஒரே ஆளு சட்டுனு கட்டற மாதிரி வேணுங்க.”

ராசிபுரத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் கலையரசன், வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். மார்கழிக் குளிரில் கொல்லிமலைக் காட்டில் தங்கி மான் வேட்டையாடுகிறவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள் என்பது அவர் முடிவு.

“எங்க கட்டப் போறீங்க?”

“மலையடிவாரத்துலதானுங்க. பொழுது சாயறதுக்குள்ள கட்டோணும்.”

அதற்குள் வந்தவருடைய செல்போன் அடித்தது. வாசலுக்குப் போய்ப் பேசினார். லாரி இரைச்சலில், அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் கலையரசன் காதில் விழுந்தது.

“...ஒண்ணுகூட தப்பாது!”

கலையரசனுக்கு ரத்தம் கொதித்தது. மேஜைக்கடியில் இருந்த கூடாரப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார்.

“வித்துப் போச்சுங்க.”

“ஊரெல்லாம் தேடிட்டு வாரேன் சாமி. இன்னொருக்கா பாருங்க.”

“இல்லைன்னா இல்லைங்க.”

அன்று வீட்டுக்குப் போனதும், “என்னால இன்னைக்கு எத்தனை உசுரு தப்பிச்சுது தெரியுமா?” என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அதே மனிதர் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

“பழைய சாக்கு இருந்தாக் குடுங்க.”

“எதைக் கட்டித் தூக்கிட்டுப் போறதுக்கு?” என்றார் கலையரசன் ஏளனமாக.

“பொதைக்கறதுக்குங்க. நேத்து காலைல அடிச்ச காத்துல கோழிப்பண்ணைக் கூரை பறந்துபோச்சு. நேத்து சாயங்காலம் எறக்குனது அத்தனையும் ஒரு நாள் குஞ்சுங்க. குளிருல ஒண்ணுகூட தப்பலீங்க.”