தேதி தவறாத ஊசி

சொரியாசிஸ் மூட்டுவலிக்கான ஊசி அட்டவணையை டாக்டர் மஞ்சுவின் மேசையில் விரித்தார் லட்சுமணன். டெல்லி அமைச்சகத்தில் முப்பது வருஷம் ஃபைல் நகர்த்தியவர் என்றால் சும்மாவா?

“முதல் அஞ்சு வாரம், வாரத்துக்கு ஒண்ணு. அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. ஒரு தேதி தப்பல மேடம். எல்லாத்துக்கும் நேரா டிக், கையெழுத்து, ரவுண்ட் சீல்!”

“அச்சா! அப்புறம் ஏன் வீக்கம் குறையல? மருந்தையே மாத்திடலாமா?”

கூட வந்த மனைவி இளவரசிக்குப் பொறுக்கவில்லை. “எதுக்கு மேடம் மாத்தணும்? ஏழு ஊசியும் பிரிக்காம ஃபிரிட்ஜ்லயே கிடக்கு. மாவு வைக்க இடமில்ல.”

டாக்டர் திகைத்தார். “ஊசி போடவே இல்லையா?”

லட்சுமணன் அசரவில்லை. “டிக் போடறதுதான் மேடம் என் சீட். ஊசி போடறது வேற செக்‌ஷன்!”