சுவரோரத்து மூன்றாவது நாற்காலி

செவ்வாய்க்கிழமைதோறும் டிவியில் ஒரு சிரிப்புத் தொடர் போடுகிறார்கள். எமலோகத்தில் ஓர் ஆபீஸ். மேனேஜர் கத்துவார், குமாஸ்தாக்கள் ஃபைலைத் தொலைத்துவிட்டுத் தேடுவார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பின்னால், செத்தவர்கள் காத்திருக்கும் வரிசையில், சுவரோரம் மூன்றாவது நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். துணை நடிகைதான், ஒரு வசனமும் கிடையாது. ஆனால் போன வருடம் இறந்துபோன என் மனைவி காத்தாயியின் முகம் அப்படியே. நான் செங்கல் வைக்க, காத்தாயி இருபத்தாறு வருடம் கலவை சுமந்தாள். சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் தின்பாள்.

இன்று டீக்கடைப் பேப்பரில் அந்தத் தொடருக்கு விமர்சனம் வந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார். கொடுத்தால் கொடுக்கட்டும். கடைசியில் இப்படிப் போட்டிருந்தது: "பின்னணியில் இருக்கும் இறந்தவர்கள் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்கள். இயக்குநர் அவர்களுக்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும்." பேப்பர்காரர்கள் சொன்னால் டிவிக்காரர்கள் கேட்பார்களாம்.

சாப்பாட்டு நேரத்தில் சிமெண்ட் மூட்டைமேல் காகிதத்தை வைத்து அந்தப் பேப்பருக்கு எழுதினேன். "ஐயா, மூன்றாவது நாற்காலியில் இருக்கிற பொம்பளைக்கு மட்டும் வேலை கொடுக்கச் சொல்லாதீர்கள்."

கூட வேலை செய்யும் தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, இந்த வயசுல பொம்பளைக்கு சிபாரிசு கடுதாசியா? யாரு அந்த மகராசி?"

சொன்னேன். அவள் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

"கடுதாசி அடியில எடம் இருக்கா? அண்ணிக்குக் கால் வீங்குமே. தூக்கி வச்சுக்க ஒரு ஸ்டூல் போடச் சொல்லி எழுதுங்க."